லைசென்ஸ் மாப்பிள்ளை

மூன்று ஆணி வந்துவிட்டது. நான்காவது வரமாட்டேன் என்கிறது.

உரக்கடைக்குள் அவன் மட்டும்தான். மாமனார் சாப்பிடப் போயிருக்கிறார். எதிர்க்கடைகளில் நாங்கள் இருக்கிறோம். அது கணக்கில்லை.

சுவரிலிருந்து இறக்கிய ஃபிரேமை மேசைமேல் கவிழ்த்துப் போட்டிருக்கிறான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் வாங்கிய பட்டம். இளம் அறிவியல், வேளாண்மை. முதல் வகுப்பு.

நாளைக் காலை கோயம்புத்தூரில் இன்டர்வியூ. விதை ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை. அசல் சான்றிதழோடு வரச் சொல்லியிருக்கிறார்கள்.

அவன் மனைவி பகவதிதான் சொன்னாள். எங்களிடம் சொன்னாள். அவள் அப்பாவிடம் சொல்லவில்லை.

எப்படிச் சொல்வாள்? பூச்சிமருந்து விற்க லைசென்ஸ் வேண்டுமென்றால் அந்தப் படிப்புப் படித்த ஒருவர் கடையில் இருந்தாக வேண்டும். அவள் அப்பா சிவசைலம் அண்ணாச்சி எட்டாம் வகுப்பு. ஆகவே மாப்பிள்ளை தேடினார். மகளுக்குத் தேடினாரா, கடைக்குத் தேடினாரா என்பதில் தெருவில் இன்னும் இரண்டு கட்சி.

கல்யாணம் முடிந்த கையோடு அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். பட்டம் அவன் தலைக்கு மேலே தொங்கியது.

அதோடு அவன் வேலை முடிந்தது.

வருகிறவர்களுக்கு அண்ணாச்சியே மருந்து எடுத்துக் கொடுப்பார். யார் எந்த இலையைக் காட்டினாலும், கடையில் எது தேங்கிக் கிடக்கிறதோ அது. அவன் ஒருமுறை வாயைத் திறந்தான். அண்ணாச்சி டீ சொல்லிவிட்டு வரச் சொன்னார்.

நான்காவது ஆணியும் வந்தது.

பின்பலகையைத் தூக்கினான். பட்டமும் கூடவே வந்தது.

ஒட்டியிருக்கிறது.

ஓரத்தில் மட்டும் இல்லை. முழுக்க, பசை தடவி, பலகையோடு. நழுவிவிடக் கூடாது என்று அண்ணாச்சி பக்கத்தில் நின்று தடவ வைத்தது. சுவருக்கு ஜெராக்ஸ் போதுமே என்றாராம் ஃபிரேம் போட்டவர். நான் கட்டிக் கொடுத்த பொண்ணு ஜெராக்ஸா என்று கேட்டாராம் அண்ணாச்சி. அப்போது அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

பிளேடால் ஒரு மூலையை நெம்பினான். காகிதம் உரிந்தது. மேல்தோல் மட்டும் கையில் வந்தது.

நிறுத்திவிட்டான்.

பல் குத்திக்கொண்டே அண்ணாச்சி வந்து நின்றார். மேசையைப் பார்த்தார். ஆணிகளைப் பார்த்தார். சத்தம் போடுவார் என்று நாங்கள் வெளியே வந்தோம்.

மெதுவாகத்தான் கேட்டார்.

"ஆபீசர் வந்தா நான் என்னத்தக் காட்டுவேன், மாப்ள?"

அவன் பலகையைத் திரும்பப் பொருத்தினான். மாட்டத்தான் போகிறான் என்று நாங்கள் உள்ளே திரும்பினோம்.

ஃபிரேமோடு தூக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கடையை விட்டு இறங்கினான்.

பஸ் நிற்கும் இடம் எங்கள் கடைகளிலிருந்து தெரியும். தங்கள் கடையிலிருந்து தெரியாதவர்கள் தெரிகிற இடத்துக்கு வந்தார்கள்.

ஃபிரேம் பெரிது. கக்கத்தில் நிற்கவில்லை. நெஞ்சுக்கு முன்னால் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். பெயர், படிப்பு, வகுப்பு எல்லாம் ரோட்டைப் பார்த்து.

திருநெல்வேலி பஸ் வந்தது. அதை விட்டால் கோயம்புத்தூர் வண்டியைப் பிடிக்க முடியாது.

முன்படியில் காலை வைத்தான்.

பின்படியில் ஒரு பெண் இறங்கினாள். கையில் பிளாஸ்டிக் பை. பைக்குள் வெண்டை இலை, நரம்பெல்லாம் மஞ்சளாக. அண்ணாச்சி கடைக்குத்தான் வந்திருப்பாள். ஃபிரேமைப் பார்த்து நின்றாள். எழுத்துக்கூட்டி வாசித்தாள்.

"சார், இதுக்கு என்ன செய்யணும்? தோட்டம் பூரா இப்படித்தான் கெடக்கு."

அவன் அவளைப் பார்த்தான். பஸ்ஸைப் பார்த்தான்.

படியிலிருந்து காலை எடுத்தான். ஃபிரேமை அவளிடம் பிடிக்கக் கொடுத்தான்.

கண்டக்டர் விசில் ஊதினார்.

அவன் இலையைத் திருப்பி, அடிப்பக்கத்தை வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.