பதினோரு பேர் கேட்ட நெஞ்சு

பதினோரு டாக்டர்கள் தன் ஒருத்திக்காக வரிசையில் நின்றதில் அந்தச் சித்தாளுக்குக் கூச்சம் பிடுங்கித் தின்றது. இலவச மருத்துவ முகாமில் இப்படியொரு ராஜ மரியாதையா என்று பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் வாயைப் பிளந்தார்கள்.

முழு டாக்டர்கள் இல்லை. ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டுச் சேவைக்கு வந்த மருத்துவ மாணவர்கள். இத்தனை கூட்டத்துக்கும் காரணம் சோடாபுட்டிதான். தடித்த கண்ணாடிக்காக வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் அது.

மூன்று மாதமாக வார்டில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வைத்து எடுத்தும், கோளாறான இதயச் சத்தம் ஒன்றுகூட அவள் காதில் விழவில்லை. "காதுக்கும் ஒரு கண்ணாடி போட்டுக்கோடி" என்று தோழிகள் எல்லோர் முன்னாலும் சிரித்தபோது அவமானத்தில் செத்துவிடலாம் போலிருந்தது.

இன்றைக்கு இந்தச் சித்தாள் வந்தாள். "நாளைலேர்ந்து மூணாவது மாடிக்குச் செங்கல் தூக்கக் கூப்பிடறாரு மேஸ்திரி. படி ஏறினா மூச்சு வாங்குதும்மா. போலாமா?"

"இருங்க, பாத்துட்டுச் சொல்றேன்" என்று ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள் சோடாபுட்டி. கேட்டுவிட்டது! லப்-டப்புக்குப் பின்னால் ஓர் உறுமல். ஓடிப்போய்ப் பெரிய டாக்டரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டி வந்தாள்.

அவருக்கு முகம் மலர்ந்தது. "சபாஷ்! புத்தகத்துல இருக்கற மாதிரியே இருக்கு. எல்லாரும் வாங்க, ஒவ்வொருத்தரா கேளுங்க." வால்வு சுருங்கிப்போனதை, பாரம் தூக்கினால் உயிருக்கே ஆபத்து என்பதை, ஆபரேஷன் வேண்டும் என்பதையெல்லாம் மாணவர்களுக்குப் புட்டுப் புட்டு வைத்தார், டாக்டர்கள் பாஷையில். சித்தாளும் மரியாதைக்குத் தலையாட்டினாள்.

பதினோரு பேரும் கேட்டார்கள். "தேங்க்ஸ்ம்மா" என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவராக அடுத்த பெஞ்சுக்கு நகர்ந்தார்கள். பெரிய டாக்டர் முதுகில் தட்டிக்கொடுத்ததில் சோடாபுட்டிக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் காலை கல்லூரி பஸ்ஸுக்கு ஓடியவள், பாதி கட்டிய கட்டடத்தின் முன் சட்டென்று நின்றாள். தலையில் எட்டுச் செங்கல்லோடு, மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கப் படியேறிக்கொண்டிருந்தாள் அதே பெண்.

சோடாபுட்டிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏம்மா, உங்களுக்கு அறிவிருக்கா? முதல்ல அதை இறக்குங்க! லீவு நாள்ல வந்து நாங்க உயிரைக் குடுத்துப் பாக்கறோம், நீங்க எதையும் காதுலயே வாங்கறதில்ல. உங்களை மாதிரி ஆளுங்களுக்கு எவ்வளவு செஞ்சாலும் வீண்!"

மேஸ்திரி திரும்பிப் பார்த்தார். கூட வேலை செய்தவர்கள் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுப் பார்த்தார்கள். அந்தப் பெண் கல்லை இறக்கி வைத்து, என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் தலையைக் குனிந்தாள்.

"இந்த நெஞ்சை வெச்சுக்கிட்டுக் கல்லு தூக்கலாம்னு எந்த மகராசன் சொன்னான்?"

"நீங்கதாம்மா."

சோடாபுட்டிக்குச் சுருக்கென்றது. நேற்று இவளிடம் விஷயத்தைச் சொன்னது யார் என்று ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தாள். பதினொன்றாவதாகத் தன் முகம்வரை வந்தபோது வெட்கத்தில் உடம்பே கூசிப்போயிற்று.

"அத்தனை பேர் பாத்தீங்க. ஒருத்தர்கூட வேணாம்னு சொல்லலையே!"