மண்டபத்துக்கு வெளியே

“பையனைக் கூட்டிட்டு வரச் சொல்லி நேத்தே ஆள் அனுப்பினேனே, எங்கே அவன்?”

அமராவதியின் குரலில் அவளை மீறி எரிச்சல் எட்டிப் பார்த்தது. போன வாரம் நல்லதம்பியிடம் எடுத்த ரத்தம், சென்னைக்குப் போகும் வழியில் ஐஸ் உருகிக் கெட்டுவிட்டது. சோகை பிடித்து வெளிறி, வயிற்றில் கட்டியோடு வாடும் பிள்ளைகளின் ரத்தத்தை அவள் மூன்று வருடமாக ஆராய்ந்து வருகிறாள். அதற்காகவே இந்த 1962 கோடையில் திருவரங்குளம் கோயில் மண்டபத்தில் முகாம் போட்டிருந்தாள்.

படிக்குக் கீழே வெயிலில் நின்ற நல்லதம்பியின் அம்மா இருளாயி, ஈரச் சேலையின் தலைப்பைப் பிழிந்துகொண்டாள்.

“அவன் வரமாட்டான் டாக்டரம்மா. எனக்கு எடுங்க. அவன் அப்பாவும் வந்திருக்காரு.”

சற்றுத் தள்ளி வேப்பமரத்தடியில் ஆண்டியப்பன் மண்வெட்டியோடு நின்றிருந்தான். அதில் செம்மண் ஈரமாக அப்பியிருந்தது.

மறுபடியும் ஊசி குத்துவார்களென்று பையனை ஒளித்துவைத்துவிட்டார்கள் என்று அமராவதி நினைத்தாள்.

“சரி, உள்ளே வந்து உட்காருங்க.”

“வேணாங்க. இங்கிட்டே எடுத்துருங்க.”

“படியேறுனா என்ன, புடிச்சுக் கடிச்சுடுவோமா?” என்றான் ஜீப் டிரைவர் வெள்ளைச்சாமி.

இருளாயி படியை விட்டு ஓரடி பின்வாங்கினாள். அமராவதியே ஊசியும் குழாயுமாக இறங்கி வந்தாள்.

எதிர் டீக்கடையிலிருந்து சோலையப்பன் குரல் கொடுத்தார். “ஏத்தா, பட்டணத்துல பாட்டில் பாட்டிலா விக்கப் போறாங்க. ஒனக்கு எதுக்கு இந்த வேலை?”

“வித்தா வித்துட்டுப் போகட்டும்ண்ணே. நம்ம புள்ளைங்களுக்குத்தானே பாக்குறாங்க” என்றபடி இருளாயி கையை நீட்டினாள்.

ரத்தம் குழாயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “இதுல அப்படி என்னதாங்க இருக்கு?”

“புரதம்னு ஒண்ணு இருக்கும்மா. சங்கிலி மாதிரி. நாம இழுக்கிற மூச்சை உடம்பு பூரா சுமந்துட்டுப் போறது அதுதான். அதுல ஒரு கண்ணி மாறிப்போனாலும் உடம்புல ரத்தம் தங்காது. அந்தக் கோளாறு ஆத்தாகிட்ட பாதி, அப்பன்கிட்ட பாதின்னு ஒளிஞ்சிருக்கும். பெரியவங்களை ஒண்ணும் பண்ணாது. ரெண்டும் ஒண்ணு சேர்ந்து வர்ற பிள்ளையைத்தான் படுத்தும்.”

இருளாயி வேப்பமரத்தடியில் நின்ற ஆண்டியப்பனைத் திரும்பிப் பார்த்தாள்.

“அப்ப, எங்ககிட்டேருந்துதான் அவனுக்குப் போச்சா?”

“உங்க குத்தமில்லைம்மா. யாரு குத்தமும் இல்லை. எந்தக் கண்ணின்னு தெரிஞ்சுட்டா, நாளைக்கு ஒரு மருந்து கண்டுபிடிக்கலாம்.”

“கண்டுபிடிங்க டாக்டரம்மா. எந்தப் புள்ளைக்கும் இது வரக் கூடாது. அந்த ஈசன் ஒங்க கூட இருக்கட்டும்.”

ஆண்டியப்பனும் மண்வெட்டியை மரத்தில் சாய்த்துவிட்டுக் கையை நீட்டினான். குத்தியபோது அவன் முகம் சுளிக்கவில்லை.

கடுமையாகப் பேசியது அமராவதிக்கு உறுத்தியது. பையிலிருந்து பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து இருளாயியிடம் நீட்டினாள்.

“நல்லதம்பிக்குக் குடுங்க. போன தடவை ரொம்ப அழுதுட்டான்.”

இருளாயி கை நீட்டவில்லை. “வேற சின்னப்புள்ள யாராச்சும் வந்தா குடுங்க” என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

இருளாயிக்குக் கோபம் இன்னும் தீரவில்லை போலும். பேச்சை மாற்ற நினைத்து, மண்வெட்டியை எடுத்துக்கொண்டிருந்த ஆண்டியப்பனிடம் கேட்டாள் அமராவதி.

“மழையே இல்லையே, இந்தக் கோடையில என்னங்க வெட்டு வேலை?”

அவன் மண்வெட்டியில் ஒட்டியிருந்த செம்மண்ணை விரலால் மெல்லத் தடவினான்.

“வேலை இல்லைங்க. விடியக்காலம் நல்லதம்பி போயிட்டான். பொதைச்சுட்டு, குளத்துல முங்கிட்டு நேரா வாரோம். தீட்டோட கோயில் மண்டபத்துல கால் வைக்கக் கூடாதுங்களே, அதான் உள்ள வரலை. வாரோம்னு சொல்லிவிட்டிருந்தோம்... நீங்க காத்துக்கிட்டு இருப்பீங்கல்ல.”