இன்னிக்கு என்ன சமையல்?

“தனலெட்சுமி, இன்னிக்கு என்ன சமையல்?”

கிள்ளான் மூத்தோர் வாட்ஸ்அப் குரூப்பில் கன்னையா இப்படிக் கேட்டதும் எல்லோருக்கும் பற்றிக்கொண்டு வந்தது. பின்னே? தனலெட்சுமியின் கணவருக்கு நேற்றுதான் கருமாதி முடிந்திருக்கிறது.

அத்தனை பேரும் கும்பிடு, அழுகிற முகம், மெழுகுவத்தி என்று போட்டு ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க, இந்தப் பழைய லோரி டிரைவருக்குச் சாப்பாட்டு ஞாபகம்!

பாவம் தனலெட்சுமி, “ரசம் வெச்சேன்ணே” என்று பதில் போட்டார்.

மனுஷன் அதோடு விட்டாரா? மறுநாளும் கேட்டார். அதற்கடுத்த நாளும். “தொட்டுக்க என்ன?” என்று வேறு.

“கொஞ்சமாச்சும் இங்கிதம் வேணாமா லா?” என்று டெங்கில் ஊர்க்காரர் பாலன் பொரிந்து தள்ளினார்.

அட்மின் புஷ்பவல்லி டீச்சர் கன்னையாவுக்குப் போனே போட்டுவிட்டார்.

“புருஷனைப் பறிகொடுத்தவங்ககிட்ட தினமும் மெனு கேக்கறீங்களே, வெக்கமா இல்ல?”

“இல்ல டீச்சர்... கருமாதி வரைக்கும் சொந்தக்காரங்க மாத்தி மாத்தி சாப்பாடு கொண்டாருவாங்க. அதுக்கப்புறம்...”

“அதுக்கப்புறம் நீங்க கேட்டு நாக்கைச் சப்புக்கொட்டணுமாக்கும்! சாரி, குரூப்புக்குன்னு ஒரு மரியாதை இருக்கு.”

போனை வைத்த கையோடு கன்னையாவைக் குரூப்பிலிருந்து தூக்கினார்.

“சரியான வேலை டீச்சர்!” கட்டைவிரல்கள் குவிந்தன. டீச்சருக்கு மனசு லேசாகிவிட்டது. ரோஜாப்பூ படத்தோடு, ‘தனலெட்சுமி, உங்கள் துயரத்தில் நாங்கள் இருக்கிறோம்’ என்று எழுதிப் போட்டார். நாற்பது கும்பிடு விழுந்தது.

இரண்டு நாள் கழித்து, சாயங்காலம், தனலெட்சுமியிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். நன்றி சொல்லத்தான் என்று நினைத்து டீச்சர் அதை அழுத்தினார்.

“கன்னையா அண்ணனைக் காணோமே, உடம்பு கிடம்பு சரியில்லையா? ஒத்த ஆளுக்கு என்னத்த ஆக்கறதுன்னு அடுப்புப் பக்கமே போகப் பிடிக்கல எனக்கு. அண்ணன் கேப்பாரே, அவர்கிட்ட பொய் சொல்லக் கூடாதேன்னுதான் ஏதாச்சும் ஆக்குவேன். ஆக்கினா ரெண்டு வாய் சாப்பிட்டுருவேன். நேத்தும் யாரும் கேக்கல, இன்னிக்கும் கேக்கல. நானும் ஆக்கல.”