மரத்திடம் பேசுகிறவள்

வடக்கனந்தல் சாலையோரம் காயும் மக்காச்சோளத்தைக் காலால் கிளறிக்கொண்டே, பக்கத்து வீட்டு அபிநயாவின் ஆங்கிலப் பாடக் கேள்விக்கு விடை தேடுகிறாள் கல்லூரி மாணவி நிர்மலா. கவிதையில் வரும் பெண், வெட்டப்போகும் மரத்திடம் ஏன் பேசுகிறாள்? சாயங்கால வெயிலில் சோளமணிகள் மினுங்குகின்றன. நிர்மலாவுக்கு எதுவும் பிடிபடவில்லை. "எங்க வூட்ல ஆட்ட விக்கச்சொல்ல, அம்மா அதும் காதுல பேசுவாங்கக்கா," என்கிறாள் அபிநயா. "இன்னா பேசுவாங்க?" "மன்னிச்சுக்கோன்னு." நிர்மலாவின் கால் நின்றுவிடுகிறது. "அதையே எழுதுடி." "இங்கிலீஷ்ல வராதேக்கா." "தெரிஞ்ச வார்த்தையில எழுது." பேனா மூடியைக் கடித்தபடி யோசித்து, சின்னச் சின்னச் சொற்களாகப் பார்த்து எழுதி நீட்டுகிறாள் அபிநயா. 'அவள் மரத்திடம் மன்னிப்புக் கேட்கிறாள்' என்று ஒரே வரி, அவ்வளவுதான். "மிஸ்ஸு நாலு வரி கேட்டாங்க. கம்மியா இருக்குதாக்கா?" தூசி படிந்த கையைத் துப்பட்டாவில் துடைத்து நோட்டை வாங்கிய நிர்மலா, அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படிக்கிறாள். "இதுக்கு மேல ஒத்த வார்த்த போடாத."