அஞ்சு பத்து பஸ்

எங்க பாஸ்டருக்கு ஒண்ணுமே தெரியாதுங்க.

கோவத்துல சொல்லலை. மேட்டுப்பாளையத்துல எங்க சபைக்குப் பதினாலு வருசமாச் செயலாளரா இருக்கறவன், பொறுப்போட சொல்றேன்.

சபையில ஒரு கேள்விப் பெட்டி வெச்சிருக்கறமுங்க. வேதத்துல என்ன சந்தேகமோ, சீட்டுல எழுதிப் போட்டறலாம். ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் பாஸ்டர் கௌதமன் ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் படிச்சுப் பதில் சொல்லோணும். காயீனுக்குப் பொண்டாட்டி எங்கிருந்து வந்தா, நோவா பேழைக்குள்ள அத்தனை மிருகத்துக்குந் தீனி எப்படிப் பத்துச்சு, இதுக்கெல்லாம் நல்லாத்தான் சொல்லுவாரு.

ஆனா மூணு மாசமா வாராவாரம் ஒரே சீட்டு வருது.

"என்ற பையன எதுக்குங்க ஆண்டவரே கூட்டீட்டுப் போனீங்க?"

பேர் போடாட்டியும் எல்லாருக்கும் தெரியும். சாந்தாமணி எழுதுனது. புருசன் முந்தியே போயிட்டாரு. ஒரே பையன் யஷ்வந்த், இன்ஜினியரிங் ரெண்டாம் வருசம். டெங்குக் காய்ச்சல் வந்து நாலே நாள்ல முடிஞ்சுபோச்சு.

பாஸ்டர் அந்தச் சீட்டைப் படிப்பாரு. மடிச்சுச் சட்டைப் பாக்கெட்டுல வெச்சுக்குவாரு. "இதுக்கு எனக்குப் பதில் தெரியலீங்க"ன்னு சொல்லிப்போட்டு அடுத்த சீட்டை எடுத்துருவாரு.

எனக்குப் பத்திக்கிட்டு வரும். ஒருநாள் கேட்டே போட்டேன்.

"ஏனுங்க பாஸ்டர், இதுக்குக்கூடவா பதில் தெரியாது?"

"நெசமாலுமே தெரியலீங்கண்ணா."

"அப்பறம் எதுக்குங்க நாலு வருசம் வேதாகமக் கல்லூரியில படிச்சீங்க?"

சிரிக்கறாரு மனுசன்!

நானெல்லாம் அடக்கத்தன்னைக்கே மைக்கைப் புடிச்சுப் பதில் சொன்னவனாக்கும். "தோட்டக்காரரு நல்ல பூவைத்தான் மொதல்ல பறிப்பாரு"ன்னேன். கல்லறைத் தோட்டத்துல நின்ன அத்தனை பேரும் ஆமென்னாங்க.

பாஸ்டர் மேல இன்னொரு குத்தமும் இருக்குதுங்க. சாயங்காலம் அஞ்சு மணியானாப் போதும், ஃபோனை அமத்திப்போட்டு ஆளு எங்கயோ போயிருவாரு. அஞ்சு மணிக்குக் கமிட்டின்னா அஞ்சே முக்காலுக்குத்தான் தலையக் காட்டுவாரு. கேட்டா, "ஒரு சின்ன வேலைங்கண்ணா."

பொறுத்துப் பொறுத்துப் பாத்துப்போட்டு, ஆளை மாத்தச் சொல்லிப் பேராயருக்கு ஒரு மனு எழுதுனேன். ஊடு ஊடாப் போயி, காப்பி குடிச்சுக் குடிச்சு, முப்பத்தெட்டுப் பேர்கிட்டக் கையெழுத்து வாங்குனேன். சாந்தாமணி கையெழுத்தும் இருந்துட்டா அப்பீலே கெடையாது. கேள்வி கேட்டு ஏமாந்தது அந்தம்மணிதானுங்களே.

பாஸ்டர் கோயமுத்தூருக்குக் கூட்டத்துக்குப் போயிருந்த நாளாப் பாத்துக் கெளம்புனேன். நான் போறப்ப அஞ்சு மணி.

வாசல்ல ரெண்டு சேர் கெடந்துது. ஒண்ணுல சாந்தாமணி உக்காந்து ரோட்டையே பாத்துட்டிருந்துச்சு. இன்னொண்ணு காலி. என்னையக் கண்டதும் படக்குன்னு எந்திரிச்சுது.

"வாங்கண்ணா, வாங்க! உக்காருங்க."

"ஒரு கையெழுத்து வேணும் அம்மணி..."

"செத்த இருங்கண்ணா. பஸ் போயிரட்டும்."

அஞ்சு பத்துக்குக் காலேஜ் பஸ் எதுத்தாப்பல வந்து நின்னுது. பசங்க கத்திக்கிட்டே எறங்குனாங்க. சாந்தாமணி சேர் கையைக் கெட்டியாப் புடிச்சுக்கிச்சு. நான் சும்மா பக்கத்துல உக்காந்திருந்தேன்.

பஸ் போனதும் அந்தம்மணி கண்ணைத் தொடச்சுக்கிச்சு.

"இந்த நேரந்தானுங்கண்ணா தாங்க முடியறதில்ல. எறங்கற பசங்கள்ல கண்ணு தானா அவனைத் தேடுது. அதுக்குத்தான் பாஸ்டர் தெனமும் வந்து இந்தச் சேர்ல உக்காந்துக்குவாரு. பேசக்கூட மாட்டாரு. பஸ் போனப்பறம், நான் எழுதுன சீட்டைக் கையில வெச்சு ஜெபம் பண்ணீட்டுப் போவாரு."

"பதிலே சொன்னதில்லையா அம்மணி?"

"ஒருக்காச் சொன்னாருங்க. 'சிலுவையில இயேசுவும் ஏன்னுதானுங்கக்கா கேட்டாரு. மூணாம் நாள் உசுரோட எந்திரிச்சப்பத்தான் பதில் வந்துச்சு. நமக்கு இன்னும் ரெண்டாம் நாளுங்க. சேந்து காத்திருக்கலாம்'னாரு. அதுக்கப்பறந்தானுங்கண்ணா எனக்குச் சோறு எறங்குது. என்ற பையனை மறுபடி பாப்பேன்னு இப்ப நம்பறேனுங்க. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

அடக்கத்துக்கப்பறம் நான் இந்த ஊட்டுப் பக்கம் வந்தது இன்னைக்குத்தானுங்க. அந்த நெனப்பு வந்ததும் எனக்கு மூஞ்சியை எங்க வெச்சுக்கறதுன்னு தெரியலை.

"என்னமோ கையெழுத்துன்னீங்களேண்ணா?"

"பேப்பர் மாறிப்போச்சு அம்மணி." பாக்கெட்டுக்குள்ளயே மனுவைக் கசக்குனேன். "இனிப் பாஸ்டர் வரமுடியாத அன்னைக்கெல்லாம் நான் வாரேன். இதே நேரத்துக்கு."

சாந்தாமணி ரெண்டு கையும் எடுத்துக் கும்பிட்டுச்சு.

"பாஸ்டர் இன்னைக்கு ஊர்ல இல்லைன்னு காலையிலிருந்து பயந்துட்டே இருந்தேனுங்கண்ணா. யாரையாச்சும் அனுப்புங்க ஆண்டவரேன்னு அழுது ஜெபம் பண்ணுனேன். பாருங்க, உங்களை அனுப்பிப்போட்டாரு!"