தோள் பாக்கி

யாரோ மூட்டையை இறக்க மறந்துவிட்டுப் போனதுபோல் இருளப்பனுக்கு நெஞ்சு கனத்தது. கட்டிலிலிருந்து கக்கூசுக்குப் போய்வருவதே அரிசி மண்டியில் ஒரு நடை சுமந்த மாதிரி மூச்சு வாங்கியது.

"இருதய வால்வுல சுண்ணாம்பு படிஞ்சு இறுகிருச்சு தாத்தா. நெஞ்சைத் திறந்தா ஒங்க வயசு தாங்காது. தொடை ரத்தக்குழாய் வழியா புது வால்வைக் கொண்டுபோய் வைக்கணும். ஆனா அந்தக் குழாய் முறுக்கிக் கெடக்கு. போற வழியில கிழிஞ்சாலும் கிழியலாம்" என்றாள் டாக்டரம்மா.

"பொழச்சு வந்தா மூட்டை தூக்கலாமாம்மா?"

"கனமா எதையும் தூக்கவே கூடாது."

பக்கத்தில் நின்ற சோணமுத்து சிரித்தார். ஆயுசு முழுக்க ஒரே மண்டியில் இருளப்பனோடு சுமந்தவர். "கடைசி வருசமெல்லாம் ஒன் மூட்டையையும் நாந்தானடா சுமந்தேன். பேச்சைப் பாரு!"

இருளப்பன் சிரிக்கவில்லை. "பாடைக்குத் தோள் குடுக்கலாமாம்மா?"

"யாரு பாடைக்கு?"

சோணமுத்துவைத் தாடையால் காட்டினார். "இவனுக்குப் பிள்ளைகுட்டி கெடையாது. முன்னால ஒரு தோள் என்னோடதுன்னு சொல்லிட்டேன்."

சோணமுத்து துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். "மொதல்ல போய்த் தொடையக் குடுத்துட்டு வாடா, கெழவா."

ஸ்ட்ரெச்சர் வந்தது. ஊழியர்கள் தடுக்குமுன் சோணமுத்து பழைய வழக்கத்தில் இருளப்பனின் முதுகுக்கடியில் கைகளைக் கோத்து, "ஏத்து!" என்று சத்தம் கொடுத்தார். இருளப்பன் எழும்பி ஸ்ட்ரெச்சரில் இறங்கினார். மூட்டையைவிட லேசாக இருந்தார்.

ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடிக்கொண்டது. சோணமுத்து ஏந்திய கைகளை மடக்காமல் அங்கேயே நின்றார். உள்ளே போனவர் அவருக்கு ஒரு தோள் பாக்கி வைத்திருந்தார்.