அண்ணை

மறுபடியும் ‘அண்ணை’ என்றான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“எண்ணெய்னு காதுல விழுது சார். அண்ணான்னு சொல்லுங்க. அந்த ‘வாங்கோ’வும் வேணாம். ஏதோ மாமி ஆத்துல கூப்பிடற மாதிரி இருக்கு.”

சாலிகிராமத்தில் ஒரு டப்பிங் தியேட்டர். நல்ல மத்தியானம். திரையில் அவன் முகமே பெரிதாக நின்றது. கிழிந்த சட்டை. நகர்கிற படகு. கரையில் தங்கிவிட்ட அண்ணனைப் பார்த்துத் தம்பி கத்துகிறான்.

அண்ணை, வாங்கோ.

அவ்வளவுதான் வசனம். படப்பிடிப்பில் சொன்னது கடல் இரைச்சலில் போய்விட்டது. இப்போது மைக்கில் சொல்ல வேண்டும்.

இந்த ஒரு வரிக்காகத்தான் அவன் படத்தையே ஒப்புக்கொண்டான்.

யாழ்ப்பாணத்திலிருந்து தப்பிய நிஜப் படகில் அவன் சின்னப் பிள்ளை. அண்ணன் கரையில் நின்றான். பக்கத்தில் எங்கோ நேவி. சத்தம் வந்தால் எல்லாரும் செத்தோம் என்று அம்மா அவன் வாயைப் பொத்திவிட்டாள்.

அவன் கூப்பிடவில்லை. அண்ணன் என்ன ஆனான் என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது.

வளர்ந்தபின் பாரிசில் ஓட்டலில் கோப்பை கழுவினான். சாப்பிட வந்த ஒருத்தி அவனைப் படம் எடுத்தாள். பிறகு கோட்டு விளம்பரம், கைக்கடிகார விளம்பரம். அங்கே அவன் கறுப்புக்கு அப்படி ஒரு மவுசு. மெட்ரோ சுவர் முழுக்க அவன் முதுகு.

சென்னையில் முதல் படத்துக்கு அவனை வெள்ளையடித்தார்கள். லண்டன் மாப்பிள்ளை வேடம். கதாநாயகி கடைசி ரீலில் உதறிவிட்டுப் போகிற ஆள்.

அகதி வேடம் வந்ததும் அதே மேக்கப்காரர் கரியைப் பூசினார். அகதி என்றால் இன்னும் கொஞ்சம் கறுப்பாக இருப்பானாம். பெற்றவள் கொடுத்த நிறத்தை வைத்துக்கொண்டு இந்த ஊரில் ஒரு மண்ணும் செய்ய முடியாது.

இயக்குநர் பெயர் செந்தமிழ்க்கோ. அப்பா வைத்தது சுரேஷ்பாபு. மேடை ஏறினால் தொப்புள்கொடி உறவு என்பார். அந்த இடத்தில் தவறாமல் தொண்டை கம்மும். உறவு வாயைத் திறந்தால் மட்டும் அவருக்குக் காதில் எண்ணெய் விழுகிறது.

பக்கத்து நாற்காலியில் சிட்டிபாபு. அவனுக்கு ‘சிலோன் பாஷை’ சொல்லிக் கொடுக்க வைத்த ஆள். ராமேசுவரத்தில் தீர்த்தமாடியிருக்கிறார். இலங்கைப் பக்கம் அவர் போனது அவ்வளவு தூரம்தான். மலையாளத்தை இழுத்து மூக்கால் விட்டால் யாழ்ப்பாணம் வந்துவிடும் என்பது அவர் கண்டுபிடிப்பு. கொல்லன் தெருவில் ஊசி விற்க வந்திருக்கிறோமே என்று ஒரு கூச்சம் வேண்டாமா மனுஷனுக்கு? கிடையாது.

சிட்டிபாபு எழுந்து செய்து காட்டினார்.

“எண்ட அண்ணா... நீர் வாரும் அல்லோ...”

இயக்குநர் தலையை ஆட்டி ரசித்தார்.

அவன் மரியாதையாகத்தான் சொன்னான்.

“இப்பிடிக் கதைச்சா விளங்காது, சேர்.”

இப்படிப் பேசினால் புரியாது என்றான். அவன் ஊரில் அந்தச் சொல்லுக்கு அதற்கு மேல் அர்த்தம் இல்லை.

“என்ன சொன்னே? கதை விளங்காதா?” இயக்குநர் எழுந்துவிட்டார். “நல்ல நாளும் அதுவுமா மைக் முன்னாடி நின்னுக்கிட்டு, என் கதை உருப்படாதுங்கறியா?”

இத்தனை நாள் சார். இப்போது நீ.

அவன் விளக்கிப் பார்த்தான். கதைப்பது என்றால் பேசுவது, விளங்குவது என்றால் புரிவது என்று தமிழனுக்குத் தமிழில் பொழிப்புரை சொன்னான். யார் கேட்டார்கள்? எலுமிச்சம்பழம் வந்தது. மைக்கைச் சுற்றி வாசலில் நசுக்கினார்கள். தமிழ் வாழ்க என்று படம் எடுக்கிற கூட்டம், ஒரு தமிழ்ச் சொல்லுக்குத் திருஷ்டி கழித்தது. தூ.

குரல் சிட்டிபாபு கொடுப்பார் என்று முடிவாகிவிட்டது.

உதவி இயக்குநர் பெண் தயங்கித் தயங்கி வந்து சொன்னாள்.

“சார், அழுகை மட்டும் உங்களோடதே இருக்கட்டும்ங்கறார். அது எல்லா ஊர்லயும் ஒண்ணுதானே சார்.”

“அதையும் அவரே அழட்டும்” என்றான்.

சிட்டிபாபு அழுதார். வெந்நீர் குடித்து, தொண்டையைச் செருமி, சால்வையை ஒதுக்கி வைத்துவிட்டு அழுதார். நன்றாகவே அழுதார், அதைச் சொல்ல வேண்டும்.

இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இதான்யா ஒரிஜினல்.”

அவன் வெளியே வந்து செருப்பை மாட்டினான். போன் அடித்தது. பாரிசிலிருந்து அம்மா. விடிந்ததிலிருந்து இதற்காகவே உட்கார்ந்திருப்பாள்.

“தம்பி, அண்ணையைக் கூப்பிட்டியோ?”

ஓம், ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அம்மா நிம்மதியாகச் சாப்பிடப் போவாள். அந்தப் பொய்யைச் சொல்ல வாய் வரவில்லை.

“இல்லையம்மா. வேற ஆளை வைச்சுக் கூப்பிட்டிட்டினம்.”

“பிறத்தியான் கூப்பிட்டா அவன் திரும்பிப் பாக்க மாட்டான், ராசா” என்றாள்.